எலுமிச்சம்பழம் மட்டும் போதுமா?

திண்டுக்கல் என்றால் பூட்டு. வீட்டைப் பூட்டிவிட்டு நாலடி நடந்தவர்கள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள். நல்ல பூட்டுதான். ஆனாலும் இழுத்துப் பார்த்தால்தான் மனம் ஆறும்.

அதே குடும்பம் கொடைக்கானலுக்குக் காரில் புறப்படுகிறது. காரை யாராவது பார்த்தார்களா? கண்ணாடியைத் துடைத்தார்கள். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கிளம்பிவிட்டார்கள்.

பழத்தை நசுக்கிய டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது? அதை யாரும் கேட்கவில்லை!

பழம் வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வைக்கக் குனியும்போது டயரையும் ஒரு பார்வை பார்க்கலாம் அல்லவா?

காற்று குறைந்த டயர் நெளிந்து ஓடும். நெளிய நெளியச் சூடு ஏறும். சித்திரை வெயிலும் வேகமும் சேர்ந்தால் வெடித்துவிடும். காலையில் வண்டி ஓடுமுன் காற்றைப் பார்க்க வேண்டும். ஓடிய டயர் சூட்டினால் அளவைக் கூட்டிக் காட்டும். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும். டயரின் பள்ளம் 1.6 மில்லி மீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் டயரை மாற்றிவிட வேண்டும்.

ஸ்டெப்னியையும் மறக்கக் கூடாது. ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டில், லானெல்லி ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். 1904-ம் ஆண்டு அங்கேதான் இந்த உபரிச் சக்கரம் பிறந்தது. அதிலும் காற்று இல்லாவிட்டால், அது வெறும் சுமைதான்.

அடுத்தது ரேடியேட்டர். எஞ்சின் கொதித்துவிட்டதா? உடனே மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் வெந்நீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் பிரேக். கொடைக்கானல் சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. ஏறும்போது எஞ்சினுக்கு வேலை. இறங்கும்போது பிரேக்குக்கு வேலை. மிதித்த காலை எடுக்காமலே இறங்கினால் பிரேக் காய்ந்து பிடிப்புக் குறையும்.

பிரேக் எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த எண்ணெய் சூட்டில் கொதித்துக் குமிழி கட்டும். அப்போது மிதித்தால் கால் உள்ளே போகும், வண்டி நிற்காது! ஆகவே, கார் அதிகம் ஓடாவிட்டாலும் 2 ஆண்டுக்கு ஒரு முறை அந்த எண்ணெயை மாற்றுவது நல்லது.

மலையில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது அனுபவ ஓட்டுநர்களின் பாடம். வண்டியின் வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கும் ஓய்வு கிடைக்கும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இதுவே விதி.

ஆயுத பூசை ஆண்டுக்கு ஒரு நாள்தான் வரும். ஆனால், காற்றும் தண்ணீரும் எண்ணெயும் வாரந்தோறும் பார்க்க வேண்டியவை. ஞாயிறு காலையில் 5 நிமிடம் போதும். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டலாம்.

பூட்டிய வீட்டுக்குள் இருப்பது பொருள். போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். காருக்குள் இருப்பது யார்? மனைவியும் மக்களும் அல்லவா!

பூட்டை இழுத்துப் பார்க்கும் கை, டயரையும் தொட்டுப் பார்க்கட்டும்.