வெட்டாமல் தருக! பெயரை மாற்றாமல் தருக!

சப்பானிய அசைவோவியப் படங்களை விலைக்கு வாங்கித் தம் நாட்டில் வெளியிட்ட அமெரிக்க வாணிகர்க்கு நெடுங்காலம் ஓர் எண்ணம் இருந்தது. படம் சப்பானுடையது என்பது பார்ப்போர்க்குத் தெரியாதிருத்தல் வேண்டும் என்பதே அது. 1984-இல் அயாவோ மியாசாக்கி ஆக்கிய 'காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிக்கா' மறு ஆண்டு அங்கு வெளிவந்தபோது, ஏறத்தாழ 22 மணித்துளிக் காட்சிகள் அறுத்தெறியப்பட்டிருந்தன. நௌசிக்கா என்னும் பெயர் மறைந்து சாந்திரா என்றாயிற்று. தலைப்பும் வேறாயிற்று. மாந்தனும் இயற்கையும் பற்றிய ஆழ்ந்த கதை வெறும் சண்டைப் படமாகச் சுருங்கிற்று.

தொலைக்காட்சித் தொடர்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 'சேய்லர் மூன்' தொடர் 1995-இல் ஆங்கிலமாக்கப்பட்டபோது முதற்பருவத்தின் 46 பகுதிகள் 40 ஆயின. உசாகி என்னும் சிறுமி செரீனா ஆனாள். இறுதிப் போரில் தோழியர் நால்வர் உயிர்விடும் காட்சி, அவர்கள் சிறைப்பட்டதாகத் திரிக்கப்பட்டது. போக்கிமான் தொடரிலோ சோற்றுருண்டை கண்ணெதிரே தெரியும்போதே அதனைத் 'தோனட்டு' என்று கதைமாந்தன் வாயாற் சொல்ல வைத்தனர். சோறு என்று கேட்டால் அமெரிக்கச் சிறுவர் அஞ்சி ஓடிவிடுவரோ?

இதனை எதிர்த்தெழுந்தோர் அமெரிக்க இளைஞரே என்பது நோக்கத்தக்கது. அவர்களுட் பெரும்பாலார் சப்பானிய மொழி அறியாதவர். வெட்டாத படம் வேண்டும், சப்பானியக் குரலோடு வேண்டும், பொருளைப் படத்தின் அடியில் ஆங்கில எழுத்தாற் காட்டுதல் வேண்டும் என்று கையெழுத்துத் திரட்டி வெளியீட்டு நிறுவனங்களுக்கு விடுத்தனர். தமக்குப் புரியாத மொழியின் ஒலியையும் கேட்க உரிமை வேண்டினர். அழுகையும் சினமும் சொல்லின் பொருளில் மட்டுமா இருக்கின்றன? குரலில் அன்றோ பாதி இருக்கிறது!

வாணிகர் கூறிய மறுமொழியை முற்றும் தள்ளிவிடல் ஆகாது. ஒளிநாடாவில் ஒரு குரற்பதிவே விற்கப்பட்டது. ஆதலின் மாற்றுக்குரலுக்கு ஒன்று, அடியெழுத்துக்கு ஒன்று என இருவேறு நாடாக்கள் செய்ய வேண்டியிருந்தது. அடியெழுத்து நாடாவை வாங்குவோர் சிலர், விலையோ மிகுதி. எழுத்துக் கூட்டிப் படிக்க அறியாக் குழந்தைக்கு மாற்றுக்குரல் வேண்டும் என்பதும் உண்மையே. ஆயின் ஒளித்தட்டு வந்தபின் அம்மறுமொழி செல்லாக் காசாயிற்று. ஒரே தட்டில் 8 குரல் தடங்களும் 32 எழுத்துத் தடங்களும் அடங்கும். அதன் பின்னரும் ஒரு மொழியை மட்டும் வைத்து மற்றதை மறுப்பதற்கு என்ன கரணியம் உண்டு?

மியாசாக்கியின் 'இளவரசி மோனோனோக்கே' 1997-இல் வந்தது. அதனை அமெரிக்காவில் வெளியிட மிராமாக்சு நிறுவனம் முனைந்தபோது, படமாக்குநர் தோசியோ சுசுகி 'வெட்டாதே' என்னும் குறிப்போடு ஒரு வாளையே அனுப்பினார்! 1999-இல் படம் முழுமையாகத் திரைக்கு வந்தது. ஆயினும் 2000-இல் வரவிருந்த ஒளித்தட்டில் ஆங்கிலக் குரல் மட்டுமே இருக்கும் என்று அறிந்தபோது சுவைஞர் கொதித்தனர். மடல்கள் பறந்தன. வாங்கமாட்டோம் என்னும் சொல் நிறுவனத்தின் காதில் நன்றாகவே விழுந்தது. வெளியீடு தள்ளிவைக்கப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் சப்பானியக் குரலோடும் அடியெழுத்தோடும் தட்டு வந்தது.

சுவைஞரிடமும் குறை இல்லாமல் இல்லை. தாமே மொழிபெயர்த்து எழுத்திட்டு, இசைவின்றிப் படியெடுத்துப் பரப்பினர். முறையான வெளியீடு வந்ததும் நிறுத்தியோர் பலர், நிறுத்தாதாரும் உளர். நிறுவனத்தாரின் சூழ்ச்சியோ வேறு வகை. அடியெழுத்துக் கேட்டவர்க்கு, மாற்றுக்குரலுக்கென எழுதிய ஆங்கில உரையையே அடியில் ஒட்டிக் கொடுத்தனர். காதில் ஒன்று, கண்ணில் மற்றொன்று! இதனையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுக் காட்டி இளைஞர் முறையிட்டனர்.

சேய்லர் மூனின் முதற்பருவம் வெட்டின்றி, அடியெழுத்தோடு 2003-இல் அங்கு வந்தது. நௌசிக்கா தன் பெயரோடும் தன் மொழியோடும் அமெரிக்க ஒளித்தட்டில் ஏறியது 2005-இல். அறுத்தெறிந்து 20 ஆண்டுகள் கழித்து.