பத்தொன்பதாவது நாற்காலி

2018இல் இலக்கிய நோபல் பரிசு அறிவிக்கப்படாமல் போனதற்குப் பின்னால் ஒரு புகைப்படக்காரர் இருந்தார். மார்செய்யில் பிறந்து, இளைஞராக ஸ்டாக்ஹோமுக்குக் குடிபெயர்ந்த ழான்-குளோத் அர்னோ. அவர் பேச்சு வந்தாலே, கலைஞனையும் கலையையும் பிரித்துப் பார்க்கலாமா என்ற பழைய கேள்வியைத் தூசி தட்டி எடுத்துவிடுகிறோம். நல்ல கேள்விதான், ஆனால் இந்த வழக்குக்குப் பொருந்தாது. மேதையின் குற்றத்தை அவனுடைய மேதைமைக்காகப் பொறுத்துக்கொள்வது ஒரு வகை. அர்னோவின் படங்களுக்காக யாரும் அவரைப் பொறுத்துக்கொள்ளவில்லை. அவர் மனைவி காத்தரீனா ஃப்ரோஸ்தென்சன் ஸ்வீடனின் முக்கியமான கவிஞர். அவருடைய எழுத்தோடு சேர்ந்து அர்னோவின் படங்கள் புத்தகங்களாக வந்தன. ஆனால் அந்த நகரத்தில் அவருக்கு இருந்த செல்வாக்கு கேமராவால் வந்ததல்ல. அது முழுக்க இரவல் செல்வாக்கு. இரவல் கொடுத்தவர்கள் யார் என்பதே நாம் கேட்க வேண்டியது.

1989இல் ஸ்டாக்ஹோமில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் 'ஃபோரம்' என்ற அரங்கை அவர் தொடங்கினார். கவிதை வாசிப்பு, இசை, கண்காட்சி என்று அங்கே எல்லாம் நடந்தன. பெரிய எழுத்தாளர்கள் வந்து வாசித்தார்கள். இளம் எழுத்தாளர்களுக்கு அந்தப் படிகளில் இறங்க ஓர் அழைப்பு கிடைப்பதே அங்கீகாரம். 1992இல் ஃப்ரோஸ்தென்சன், இலக்கிய நோபல் பரிசுக்கு உரியவரைத் தேர்வுசெய்யும் ஸ்வீடிஷ் அகாதெமியின் பதினெட்டாம் நாற்காலிக்குத் தேர்வானார். 1786இல் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் நிறுவிய அந்த அவையில் இருப்பதே பதினெட்டு நாற்காலிகள்தான். அர்னோ தன்னைப் பத்தொன்பதாவது உறுப்பினர் என்று சொல்லிக்கொண்டதாக ஸ்வீடிஷ் பத்திரிகைகள் எழுதின. வெறும் வாய்வீச்சு என்று தள்ளவும் முடியாது. அரங்குக்கு அகாதெமி பணம் கொடுத்தது. பாரீஸில் அகாதெமிக்குச் சொந்தமான வீடு அவர் புழங்கிய இடமாக இருந்தது. 2015இல் நாடு அவருக்குத் துருவ நட்சத்திர விருதும் சூட்டியது. இதில் எதுவும் ஒரு புகைப்படத்தின் தரத்தை எடைபோட்டுக் கொடுத்ததல்ல.

யாருக்கும் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. 1996இல் ஒரு பெண் கலைஞர், அரங்கில் அர்னோ தன்னிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாக எழுதி அகாதெமிக்குக் கடிதம் அனுப்பினார். கடிதம் ஓரமாக வைக்கப்பட்டது. அதற்காக வருந்துவதாக அகாதெமி சொன்னது 2018இல். இடையில், 1997லேயே 'எக்ஸ்பிரஸன்' நாளிதழ் இதைச் செய்தியாக்கியிருந்தது. அதன் பிறகும் வாசிப்புகள் நின்றுவிடவில்லை. 2017 நவம்பரில் 'தாகென்ஸ் நீஹெத்தர்' நாளிதழ் பதினெட்டுப் பெண்களின் வாக்குமூலங்களை வெளியிட்ட பிறகுதான் அந்த அடித்தளத்துக்குப் பூட்டு விழுந்தது. நாற்காலிகளும் பதினெட்டு, வாக்குமூலங்களும் பதினெட்டு. தற்செயல்தான், ஆனாலும் உறுத்துகிறது.

பதினெட்டுப் பேர் பேசினார்கள், ஆனால் தண்டனை ஒரே ஒரு பெண் தொடர்பான வழக்கில்தானே, மற்றதையெல்லாம் பத்திரிகை விசாரணை என்று ஒதுக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. 2018 அக்டோபர் 1 அன்று ஸ்டாக்ஹோம் மாவட்ட நீதிமன்றம் 2011இல் நடந்த ஒரு பாலியல் வன்புணர்வுக்காக இரண்டு ஆண்டு சிறை விதித்தது. அதே பெண் தொடர்பான இரண்டாவது குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றது. டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டிலுமே அவரைக் குற்றவாளி என்று கண்டு, தண்டனையை இரண்டரை ஆண்டாக உயர்த்தியது. அர்னோ கடைசிவரை மறுத்தார். நீதிமன்றம் சொன்னதற்கு மேல் அவரைக் குற்றவாளி என்று எழுத நமக்கும் உரிமையில்லை. ஆனால் ஒருவரைச் சிறைக்கு அனுப்பத் தேவைப்படும் சாட்சியமும், ஓர் அரங்குக்குக் காசோலை அனுப்புமுன் இரண்டு கேள்வி கேட்கத் தேவைப்படும் சாட்சியமும் ஒன்றல்ல. முதலாவதற்கு ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். இரண்டாவதற்கு அந்த 1996ஆம் ஆண்டுக் கடிதமே போதும்.

கணவன் செய்ததற்கு மனைவியைத் தண்டிப்பதா என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஒரு பெண்ணைக் கணவனின் குற்றத்துக்குப் பொறுப்பாக்குவது நம் ஊரிலும் பழகிப்போன அநியாயம். அதை இங்கே செய்யக்கூடாது. ஆனால் ஃப்ரோஸ்தென்சன் மீது எழுந்த கேள்வி வேறு. அரங்கை நடத்திய நிறுவனத்தில் அவரும் பங்குதாரர். அதற்குப் பணம் கொடுத்த அவையில் அவரும் உறுப்பினர். அந்த நிதியுதவி அகாதெமியின் சொந்தப் பாரபட்சத் தடை விதிகளையே மீறியது என்று அகாதெமி அமர்த்திய வழக்கறிஞர்களே கண்டறிந்தார்கள். பரிசு பற்றிய ரகசியம் காக்கப்படவில்லை என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது தாலிக்கு அல்ல, கணக்குக்கு.

எப்படியோ நிறுவனம் தன்னைத் திருத்திக்கொண்டதே, பரிசை ஒத்திவைத்தது, விதிகளை மாற்றியது என்பார்கள். திருத்தம் நடந்த வரிசையைப் பாருங்கள். அர்னோவோடு உறவை முறித்து, விசாரணைக்கு வழக்கறிஞர்களை அமர்த்தியவர் நிரந்தரச் செயலர் சாரா தானியுஸ். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ஃப்ரோஸ்தென்சனை நீக்கும் முயற்சி தோற்றதும் மூன்று உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்து விலகினார்கள். 2018 ஏப்ரல் 12 அன்று தானியுஸும் செயலர் பதவியை இழந்து வெளியேறினார், ஃப்ரோஸ்தென்சனும் அன்றே ஒதுங்கினார். குப்பையைக் கிளறியவருக்கும் குப்பைக்குக் காரணமானவர் தரப்புக்கும் ஒரே நாளில் ஒரே கதவு. தானியுஸ் விரும்பி அணிந்துவந்தது கழுத்தில் பெரிய முடிச்சு வைத்த ரவிக்கை. அடுத்த வாரம் அகாதெமி இருக்கும் பழைய சதுக்கத்தில் திரண்ட கூட்டத்தில் ஆண்கள்கூட அந்த முடிச்சைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வாழ்நாள் உறுப்பினர்கள் சட்டப்படி ராஜினாமா செய்ய முடியும் என்று மன்னர் விதியைத் திருத்தியது அதற்கும் பிறகு. ஒத்திவைத்த பரிசு ஓல்கா தோகார்சுக்குக்கு என்று 2019 அக்டோபர் 10 அன்று அறிவித்தார்கள். புற்றுநோயோடு இருந்த தானியுஸ் இரண்டு நாள் கழித்து, தமது 57ஆம் வயதில் இறந்தார்.