தேநீரை அவரே ஊற்றட்டும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் நெடுஞ்சாலை, நமது கரையோரத்தில் அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என ஊர்களைக் கோத்துக்கொண்டு போகிறது. கடையும் சந்தையும் வீட்டு வாசலும் அச்சாலையோரத்திலேயே இருக்கின்றன. மோட்டார் சைக்கிள் நிற்காத வாசல் அரிது. ஆகையால், தலையில் அடிபட்டு ஒருவர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார் என்ற செய்தி நமக்குப் புதிதன்று. உயிர் பிழைத்தார் என்றதும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று பெருமூச்சு விடுகிறோம். அப்பெருமூச்சுக்குப் பின் அவர் வாழவேண்டிய நெடுங்காலத்தைப் பற்றி இவ்வாரம் நேயர்களுடன் உரையாட விரும்புகிறோம்.

காயம் ஆறுகிறது, கட்டு அவிழ்க்கப்படுகிறது, அவர் நடக்கிறார், பேசுகிறார். காண்போர் கண்ணுக்குப் பழைய மனிதரே. ஆனால், 'இதைத் தொடங்கு, அடுத்து இதைச் செய், இப்போது பொறு' என்று கட்டளையிடுவதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரும் பங்குண்டு. அது பழுதுபட்டால், கைகால் நலமாயிருந்தும் காரியம் நடவாது. குளிக்கச் சென்றவர் வாளியைப் பார்த்தபடி நின்றுவிடுவார். சிறு சத்தத்துக்கும் சினம் பொங்கும். பிற்பகலுக்குள் களைத்துப் போவார். ஊரார் இதைச் சோம்பல் என்பர். அது சோம்பலன்று, அடிபட்டதன் எச்சமேயாகும்.

இனி வீட்டினுள் நடப்பதைக் காண்போம். நமது கிழக்குக் கரையில் ஆண்மகன் மணமானதும் மனைவியின் வீட்டில் வாழ்வது வழக்கம். அங்கே மருமகனுக்கு உபசாரம் குறைவதில்லை. அவர் சுடுதண்ணீர்ப் போத்தலை நோக்கிக் கை நீட்டினால், "மகன், நீங்க இருங்க, நான் ஊத்தித் தாறன்" என்று மாமி ஓடி வருவார். சட்டைப் பொத்தானை மனைவி பூட்டிவிடுவார். கடைக்கணக்கை மச்சான் பார்த்துக்கொள்வார். யாவும் அன்பினால் செய்யப்படுபவையே. ஆனால், ஆண்டொன்று கழிவதற்குள் அவர் தாமாகச் செய்ய ஒன்றுமே மிஞ்சியிராது. அடி பறிக்காததையும் அன்பு பறித்துவிடுகிறது.

அவர் மீண்டும் பழக முடியுமா என்று நேயர்கள் கேட்கலாம். 1848ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் திகதி, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இரயில் பாதைக்குப் பாறை பிளந்துகொண்டிருந்த பினியஸ் கேஜ் என்பவரின் கன்னத்தில் புகுந்த இரும்புக் கம்பி உச்சந்தலை வழியே வெளியேறியது. அவர் பிழைத்தார், குணமோ மாறிவிட்டது. பழைய வேலையும் கிடைக்கவில்லை. பெரும்பாலான நூல்கள் கதையை இங்கேயே நிறுத்திவிடுகின்றன. ஆனால், அவர் பின்னர் சிலி நாட்டுக்குச் சென்று, 1852 முதல் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். நாள்தோறும் அதே நேரம், அதே குதிரைகள், அதே ஒழுங்கு! அந்த ஒழுங்கே அவரை நிமிர்த்தியிருக்கலாம் என்பது இன்றைய ஆய்வாளர் சிலரின் கருத்து.

நமக்கோ நாளைப் பகுத்துத் தரும் ஒழுங்கு பள்ளிவாசலிலிருந்தே கிடைக்கிறது. சுபஹ் பாங்கு கேட்டதும் பல் துலக்கல். ளுஹருக்குப் பின் உணவும் ஓய்வும். அஸருக்குப் பின் கடைத்தெரு வரை நடை. ஒவ்வொரு வேலையையும் ஒரு பாங்கோடு பிணைத்துவிட்டால், நினைவு தவறினாலும் காது நினைவூட்டும். வேலையின் படிகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

கற்பிக்கும் முறை ஒன்றும் உண்டு. நினைவு பழுதுபட்டவரை ஊகித்துத் தவறவிட்டுத் திருத்துவதைக் காட்டிலும், தவறு நேராமலே பழக்குவது நன்று என்பதை பேடலி, பார்பரா வில்சன் முதலிய உளவியலறிஞர்கள் 1994இல் எடுத்துக்காட்டினர். "மறந்துவிட்டீர்களா?" என்று சோதிக்காதீர்கள். சரியான படியை முதலில் காட்டுங்கள். பல நாள் கூடவே செய்யுங்கள். பின்பு கடைசிப் படியை மட்டும் அவரிடம் விடுங்கள். அடுத்து அதற்கு முந்திய படியையும் விடுங்கள். முன்னேற்றம் முதலாண்டில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் வரும். பல ஆண்டுகளுக்குப் பின்னும் புதுப்பழக்கம் கைகூடுவதுண்டு.

எச்சரிக்கையும் வேண்டும். தலையில் அடிபட்டோருக்குப் பின்னாளில் வலிப்பு வரக்கூடும். வைத்தியர் இசைவளிக்கும் வரை மோட்டார் சைக்கிள், கடற்றொழில், மரமேறுதல் ஆகா. வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. ராகமைப் புனர்வாழ்வு வைத்தியசாலை தீவின் மறுகரையில் இருக்கிறது. எல்லோராலும் அங்குச் சென்று தங்க இயலாது. ஆகவே, பயிற்சியின் பெரும்பகுதி வீட்டிலேயே நடந்தாக வேண்டும். அருகிலுள்ள வைத்தியசாலையில் இயன்மருத்துவரிடம் வழிமுறை கேட்டறியுங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும் நாடுங்கள்.

தாய்மார்களே, நாளைக் காலை தேநீரிலிருந்து தொடங்குவோம். கோப்பை, தேயிலை, சீனி மூன்றையும் என்றும் ஒரே இடத்தில் வைத்துவிட்டு, கொதிநீருக்குக் காவலாக அருகில் நில்லுங்கள். அவர் ஊற்றி முடிப்பதற்குள் நேரம் நீளும். நம் கை பரபரக்கும். அந்தக் கையைச் சற்றுக் கட்டிக்கொள்வதே நாம் செய்யவேண்டிய கடினமான பணி.