தவறே நடக்காத ரெக்கார்டு நோட்டு

வெள்ளிக்கிழமை மாலையில் திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்திலும் எதிரே உள்ள பஸ் நிலையத்திலும் நிற்க இடமிருக்காது. டெக்னோபார்க் ஊழியர்கள், பொறியியல் மாணவர்கள், நாகர்கோவில் வண்டிக்குக் காத்திருக்கும் நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் என்று ஒரே நெரிசல். அந்த மாணவர்களின் லேப் ரெக்கார்டு நோட்டை யாராவது வாங்கிப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒரு புரோகிராம்கூடத் தோற்றிருக்காது. நிரல் இயக்கப்பட்டது, வெளியீடு சரிபார்க்கப்பட்டது என்றே எல்லாப் பயிற்சியும் முடியும். எரர் வந்ததும், விடிய விடியத் தேடியதும், கடைசியில் நண்பனுடையதைப் பார்த்து எழுதியதும் அதில் இராது. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வருவதற்குள் கையெழுத்து வாங்கியாக வேண்டுமே!

நான்கு ஆண்டுகள் தவறை மறைக்கப் பழக்கிவிட்டு, வேலைக்குப் போனதும் நேர்மையாக ஒப்புக்கொள் என்பது அநியாயம். குற்றவாளி மாணவன் அல்லன், பாடத்திட்டம்தான்.

தவறிலிருந்து கற்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. தம்பானூரிலிருந்து தும்பா அதிக தூரமில்லை. அங்கிருந்து எஸ்.எல்.வி-3 ராக்கெட் திட்டத்தை நடத்திய அப்துல் கலாம், 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்ததைத் தாமே பலமுறை சொல்லியிருக்கிறார். ஏவுவதற்குச் சில நிமிடங்களே இருந்தபோது கணினி நிறுத்தச் சொன்னது. கவலை வேண்டாம், எரிபொருள் போதிய அளவு இருக்கிறது என்றார்கள் உடனிருந்த நிபுணர்கள். கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு ஏவினார். கட்டுப்பாட்டு அமைப்பின் கசிவால் இரண்டாம் கட்டம் நிலைகுலைந்து, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பழியை அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் ஏற்றுக்கொண்ட கதையை நாம் எல்லாப் பட்டமளிப்பு விழாவிலும் கேட்டிருக்கிறோம். கணினியின் எச்சரிக்கையை, விஷயம் தெரிந்தவர்களே ஏன் தட்டிக்கழித்தார்கள் என்ற பாதியை எந்த வகுப்பும் எடுத்துக்கொள்வதில்லை. மென்பொருள் மாணவனுக்கு வேண்டியது அந்தப் பாதிதான். நேர நெருக்கடி, கூட இருப்பவர்களின் தைரியம், இத்தனை நாள் உழைப்பு வீணாகக் கூடாதே என்ற தவிப்பு ஆகியவை கெட்டிக்காரர்களையும் சறுக்க வைக்கும்.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான்-5 ஒரு நிமிடம்கூடப் பறக்காமல் சிதறியதும் இதே ரகம். ஏரியான்-4இல் ஒழுங்காக ஓடிய நிரல்தானே என்று அதை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தில் ஓர் எண் அதற்கு ஒதுக்கிய இடத்துக்குள் அடங்கவில்லை. விசாரணை அறிக்கை அடுத்த மாதமே வெளியாகி, உலகெங்கும் பாடமாயிற்று. 2019இல் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் நிலவில் மோதிய பிறகு இஸ்ரோ தன் பிழைகளை உள்ளுக்குள் நன்றாகவே அலசியது. எதெது தவறக்கூடும் என்ற கேள்வியிலிருந்து வடிவமைத்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று பத்திரமாக இறங்கியது. ஆனால் சந்திரயான்-2 தோல்வியின் முழு அறிக்கையை இஸ்ரோ பொதுவில் வைக்கவில்லை. இதுவும் ஒருவகை ரெக்கார்டு நோட்டுதான்.

அலட்சியத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. தெரிந்தே சோதிக்காமல் விட்டவனுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கட்டும். ஆனால் ஒவ்வொரு பயிற்சிக்கும் பிழைக்கென ஒரு பக்கம் வேண்டும். எங்கே தவறியது, எழுதும்போது என்ன நினைத்திருந்தேன், கண்டுபிடித்தது யார் என்பதை மாணவன் அதில் எழுதட்டும். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். கலாமின் பெயரையே தாங்கி நிற்கும் கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நம் அண்ணா பல்கலைக்கழகமும் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம். இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.