பலகையில் வாழும் தமிழ்

மலாக்காவில் தமிழ் எங்கே வாழ்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் பள்ளியையும் கோவிலையும் காட்டுவோம். நான் பெயர்ப் பலகையைக் காட்டுவேன். ஜாசின், தெபோங், புக்கிட் அசகான் வட்டாரங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் லயங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடியேறினர். இங்கே தமிழர் வாழ்ந்தனர் என்று வழிப்போக்கருக்குச் சொல்ல, பல இடங்களில் கோவில் முகப்பில் தூரிகையால் எழுதிய ஒரு வரியே மிஞ்சியிருக்கிறது.

அந்த வரியில் வரலாறும் உண்டு. 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. மலேசியாவும் பின்னர் அவ்வழி சென்றது. ஒரு பலகையில் 'லை' யானைத் துதிக்கைபோல் வளைந்து நின்றால், எழுதியவர் பழைய பாடம் படித்தவர் என்று கண்டுகொள்ளலாம்.

இன்று கணினிப் பதாகை மலிவாகவும் விரைவாகவும் கிடைக்கிறது. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் அச்சிடும் கடைகள் பலவற்றில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லை. தமிழுக்கு ஏற்பாடு இல்லாத மென்பொருளில், எழுத்துக்கு முன் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது. நான் அறிந்த ஒரு கோவிலின் திருவிழாப் பதாகையில் அம்மன் பெயரையே படிக்க முடியவில்லை. திருவிழா முடியும்வரை அது தொங்கியது, ஒருவரும் கேட்கவில்லை. பிழையைவிட அந்த மௌனமே என்னை உறுத்தியது.

விளம்பரப் பலகைகளின் மலாய் வாசகத்தைச் சரிபார்க்க டேவான் பஹாசா டான் புஸ்தாகா இருக்கிறது. தமிழ் வாசகத்துக்கு யார் இருக்கிறார்கள்? "கடைக்காரர் காசு, நமக்கென்ன?" என்பார் சிலர். தோட்டத்துப் பிள்ளைக்குத் தெருவும் ஒரு பாடநூல் அல்லவா?

2008இல் மலாக்கா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆற்றோரச் சுவரோவியங்களைப் படமெடுக்கச் சுற்றுப்பயணிகள் கூடுகிறார்கள். பெயர்ப் பலகையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தியாவில் ஹனிஃப் குரேஷி என்பவர் தெருப் பெயிண்டர்களின் எழுத்துகளைக் கணினி எழுத்துருக்களாக்கும் பணியைத் தொடங்கினார். 2024இல் அவர் மறைந்தார். அவர் காட்டிய வழி நமக்கும் உண்டு.

மாணவ நண்பர்களே, நம் கழகம் மூன்று காரியங்கள் செய்யலாம். விடுமுறையில் ஊர் திரும்பும் ஒவ்வொருவரும் கையால் எழுதிய தமிழ்ப் பலகைகளை நேர் எதிரே நின்று படமெடுத்து, இடத்தையும் எழுதியவர் பெயரையும் கேட்டுக் குறித்து வரலாம். திருவிழாக் காலத்தில் கோவில்களுக்கும் கடைகளுக்கும் வாசகத்தைத் திருத்தி, எழுத்து உடையாதபடி படக் கோப்பாகவே கொடுக்கலாம். நம் அடுத்த விழாவின் பதாகையை, இன்னும் தூரிகை பிடிக்கும் ஒரு பெரியவரிடம் உரிய கூலி கொடுத்து எழுதச் சொல்லலாம்.

முன்னாள் மாணவர்களே, கடை வைத்திருப்போரும் கோவில் நிர்வாகத்தில் இருப்போரும் உங்களில் பலர். அடுத்த பலகைக்குச் சாயம் பூசுமுன் எங்களை ஒரு வார்த்தை கேளுங்கள்.