கினிப்பன்றி ஏன் மெலிகின்றது?

கினிப்பன்றி விற்போர் சிலரிடம் தீனைப் பற்றி வினவினால் ஒரே விடைதான்: "முயல் தீன் போடுங்கோ, காணும்." கினிப்பன்றி முயலன்று. முயலின் உடல் விற்றமின் சியைத் தானே ஆக்கிக்கொள்ளும். கினிப்பன்றிக்கு, மனிதரைப் போலவே, அது இயலாது. முயல் தீனில் பெரும்பாலும் அது சேர்க்கப்படுவதுமில்லை. சில வாரங்களில் பிராணி மெலியும், மூட்டு வீங்கும். விற்றவரோ வெயிலின் மேல் பழியைப் போடுவார்.

இஃதென்ன புதுச் செய்தியா? 1907 இல் நோர்வேயின் ஹோல்ஸ்ட், ஃபிரோலிச் என்போர் தானியத்தை மட்டும் ஊட்டிக் கினிப்பன்றிகளுக்கு ஸ்கேவி நோயை வருவித்துக் காட்டினர். மாலுமிகளைக் கொன்ற நோயின் காரணத்தை அவற்றின் உடலைக் கெடுத்தே அறிந்தோம். அவ்வறிவை அவற்றுக்கே மறுப்பது என்ன நியாயம்? அதே 1907 இல்தான் இலங்கையில் விலங்குவதைத் தடைச் சட்டமும் பிறந்தது. அது விதித்த உச்சத் தண்டம் 100 ரூபா! இன்று அக்காசுக்கு ஒரு கிலோ அரிசியும் வராது.

வாங்கியவரும் தப்ப முடியாது. நேற்றுவரை புல் தின்றதற்கு இன்று திடீரெனக் கடைத்தீனை மட்டும் கொட்டினால் குடல் குழம்பும். அதன் பற்கள் ஓயாது வளர்பவை. புல்லை அரைக்காவிடில் நீண்டு, பசித்தும் தின்ன முடியாமற் போகும். உரோமம் மெலிவை மறைத்துவிடும். ஆகவே கண்ணை நம்பாது வாரமொருமுறை தராசில் நிறுங்கள். ஒருநாள் தின்னாவிட்டாலே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

அறுகம்புல் காசுக்கா விற்கின்றது? கறிமிளகாயும் கொய்யாவும் திருநெல்வேலிச் சந்தையில் இல்லையா? நாளுக்கொரு சிறு துண்டு கொடுங்கள். தீனை மாற்றுவதாயின் பத்து நாளெடுத்துச் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.