2520-ஐ எனக்கு அனுப்பியவர்களுக்கு



இந்த வாரம் மட்டும் ஏழு பேர் ஒரே செய்தியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டீர்கள். 2520 ஓர் அதிசய எண்ணாம், 1 முதல் 10 வரை எல்லா எண்ணாலும் மீதியின்றி வகுபடுமாம், உலக மேதைகள் திகைத்தார்களாம், கண்டுபிடித்தவர் நம் இராமானுஜனாம். அனுப்பியவர்களில் இரண்டு பேர் என்னிடமே கணக்குப் படித்தவர்கள். அதுதான் வருத்தம்.

வகுபடுவது உண்மை. அதிசயம் எங்கே இருக்கிறது? ஆறாம் வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டிய மீச்சிறு பொது மடங்குதானே இது? 8, 9, 5, 7 நான்கையும் பெருக்குங்கள், 2520 வந்துவிடும். 8-க்குள் 2-உம் 4-உம் அடக்கம். 9-க்குள் 3 அடக்கம். 6-உம் 10-உம் தாமாக வந்துவிடும். இதற்கு எந்த மேதை திகைப்பார்?

வாரத்துக்கு 7 நாள், மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 12 மாதம், மூன்றையும் பெருக்கினால் 2520, அதுதான் ரகசியம் என்றும் போட்டிருக்கிறது. பெருக்கல் சரி. நாளை நாளால் பெருக்கினால் என்ன கிடைக்கும் என்று ஒருவராவது கேட்டீர்களா?

இராமானுஜன் உண்மையில் செய்தது என்ன தெரியுமா? தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி 1915-இல் இலண்டன் கணிதச் சங்க இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். 48 காரணிகள் உள்ள 2520 அவர் பட்டியலில் தொடக்கத்திலேயே வந்துபோகும் சின்ன எண். பட்டியல் போய் நிற்கும் எண் 6746328388800. அதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2-இன் அடுக்கு 6, 3-இன் அடுக்கு 4, 5-க்கும் 7-க்கும் அடுக்கு 2, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள். 7×5×3×3×2×2×2×2×2 = 10080 காரணிகள்! கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது.

அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. அதை 23-ஆல் பெருக்கினால் அந்தக் கடைசி எண்ணே வரும். பின்னால் வந்தவர்கள் சரிபார்த்துச் சொன்னார்கள். அவர் புகழ் ஒரு துளி குறைந்ததா? உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்தான் அவரை மதித்தவர்கள். பார்வர்டு பண்ணியவர்கள் அல்ல.

"நம்ம ஆளு பெருமைதானே சார், பரவட்டுமே" என்று ஒருவன் பதில் போட்டிருக்கிறான். தம்பி, உன் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு என்றால் மேதைகள் காட்டும் வித்தை, நாம் வாய் பிளந்து பார்த்தால் போதும் என்றுதான் இதிலிருந்து அவள் கற்றுக்கொள்வாள். அந்த நினைப்பைத்தான் முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்து அழிக்கப் பார்த்தேன்.

எல்லோருக்கும் வீட்டுப்பாடம்: 5040-க்கு எத்தனை காரணிகள்? மேலே சொன்ன முறையில், பிள்ளைகளோடு உட்கார்ந்து, தாளில் போடுங்கள். விடையைப் படம் எடுத்து அனுப்புங்கள். அதை நானே நூறு பேருக்கு அனுப்புகிறேன்.